லேப்டாப்புக்கு இணையம்... டேட்டா கார்டு வாங்கும் முன் டவரைப் பாருங்கள்!

பட்டா, சிட்டா பார்ப்பது முதல் சந்தை விலை தெரிந்துகொள்வது வரை பெரும்பாலான வேலைகளை இன்று செல்போனிலேயே முடித்துவிடலாம். ஆனால், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் ஜி.எஸ்.டி கணக்கு, மகளின் ஆன்லைன் வகுப்பு, மகனின் போட்டித் தேர்வு விண்ணப்பம், வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கை என்று வரும்போது கையகலத் திரை போதாது. லேப்டாப் வேண்டும். தமிழக அரசு 2011-ம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், கிராமத்து வீடுகளுக்கும் லேப்டாப் வந்து சேர்ந்துவிட்டது. வராமல் இருப்பது இணையம்தான்.

ஊருக்குள் ஃபைபர் கேபிள் வந்திருந்தாலும், ஊரைவிட்டு ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்து வீட்டுக்கு அது வருவதில்லை. அங்கே இருக்கும் ஒரே வழி, செல்போன் டவர். அதனால்தான், ‘லேப்டாப்புக்கு டேட்டா கார்டு வாங்கலாம் என்றிருக்கிறோம். எந்த கம்பெனி நல்லது?’ என்ற கேள்வி விவசாயிகளிடமிருந்து அடிக்கடி வருகிறது. கடைக்காரர் ஒன்றைச் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் இன்னொன்றைச் சொல்வார். இரண்டையும் நம்பி கார்டுக்கு ஓரிரு ஆயிரம், மூன்று மாத ரீசார்ஜுக்கு இன்னொரு தொகை என்று செலவு செய்துவிட்டு, ‘சுற்றிக்கொண்டே இருக்கிறது’ என்று புலம்புபவர்கள் ஏராளம்.

இதற்கான பதில் கடையில் இல்லை. உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது.

மோட்டார் வாங்கும் முன் தண்ணீர் பார்ப்போம் அல்லவா?

கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, எத்தனை அடியில் இருக்கிறது என்று பார்க்காமல் யாரும் மோட்டார் வாங்குவதில்லை. ஊறாத கிணற்றில் பத்து ஹெச்.பி மோட்டாரை இறக்கினாலும் பாத்தி நனையாது. டேட்டா கார்டு என்பது மோட்டார். டவரிலிருந்து வரும் சிக்னல்தான் தண்ணீர். கார்டு தானாக இணையத்தை உற்பத்தி செய்யாது. இருக்கும் சிக்னலை வாங்கி லேப்டாப்புக்குக் கொடுக்கும், அவ்வளவுதான்.

ஆகவே, முதலில் சிக்னல், அடுத்து நிறுவனம், கடைசியில் கருவி. இந்த வரிசையில் போனால் பணம் வீணாகாது. ‘தமிழ்நாட்டிலேயே சிறந்த நெட்வொர்க்’ எது என்பது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம். உங்கள் சர்வே எண்ணில் எது எடுக்கிறது என்பதுதான் கேள்வி. மாவட்டம் முழுக்க நன்றாக எடுக்கும் ஒரு நிறுவனம், ஒரு கரட்டுக்குப் பின்னால் இருக்கும் உங்கள் தோட்டத்தில் எடுக்காமல் போகலாம்.

சிக்னலை எண்ணாகப் பாருங்கள்

போன் திரையின் மேலே தெரியும் கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். ஒரு போனில் மூன்று கோடு காட்டும் சிக்னலுக்கு இன்னொரு போன் இரண்டு கோடுதான் காட்டும். ஆண்ட்ராய்டு போன்களில் ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குள் ‘அபௌட் போன்’, அதற்குள் ‘சிம் ஸ்டேட்டஸ்’ என்று போனால் ‘சிக்னல் ஸ்ட்ரென்த்’ என்ற இடத்தில் மைனஸ் குறியோடு ஓர் எண் இருக்கும். அதன் பக்கத்தில் ‘டிபிஎம்’ என்று போட்டிருக்கும்.

மைனஸ் எண் என்பதால், எண் சிறிதாக இருந்தால் சிக்னல் அதிகம் என்று பொருள். 4ஜி சிக்னலுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 90 அல்லது அதைவிடச் சிறிய எண்ணாக இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 90-லிருந்து 100 வரை இருந்தால் வேலை நடக்கும். 100-லிருந்து 110 வரை இருந்தால் விட்டுவிட்டு வரும். 110-ஐத் தாண்டினால், வீட்டுக்குள் வைத்து வீடியோ வகுப்பு பார்ப்பது சிரமம். இந்தக் கணக்கில் 10 எண் வித்தியாசம் என்பது பத்து மடங்கு. அதாவது, மைனஸ் 95-ல் கிடைக்கும் சிக்னல், மைனஸ் 105-ல் கிடைப்பதைப்போல பத்து மடங்கு வலுவானது.

உங்களிடம் ஒரு நிறுவனத்தின் சிம் இருக்கும். மற்ற நிறுவனங்களின் சிம் வைத்திருக்கும் உறவினர், நண்பர்களை வீட்டுக்கு வரும்போது அவரவர் போனில் பார்க்கச் சொல்லுங்கள். ஜியோ, ஏர்டெல், வி.ஐ, பி.எஸ்.என்.எல் ஆகிய நான்கையும் இப்படிப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாசல், மாடி, லேப்டாப் வைக்கப்போகும் அறை, மோட்டார் அறை என்று இடம் இடமாகப் பாருங்கள். பத்தடி தள்ளிப்போனால் எண் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மூன்று வேளை சோதனை

சிக்னல் இருந்தாலும் வேகம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு டவரின் கொள்ளளவை அந்தப் பகுதியில் உள்ள எல்லோரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடினாலும் எல்லா மடையும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைமடைக்குக் குறைவது போலத்தான். காலை 6 மணிக்குப் பறக்கும் இணையம், ஊரே போனும் கையுமாக உட்காரும் இரவு 8 மணிக்கு நகராமல் நிற்கும்.

எனவே, காலை, நண்பகல், இரவு 8 மணி என மூன்று வேளையும் வேகத்தைச் சோதியுங்கள். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்டுள்ள ‘மைஸ்பீடு’ செயலி இதற்கு உதவும். அதில் ‘டவுன்லோடு’, ‘அப்லோடு’ என இரண்டு அளவு காட்டும். நாம் பார்ப்பதற்கும் இறக்குவதற்கும் டவுன்லோடு. நம்மிடமிருந்து போவதற்கு அப்லோடு. நேர்காணல், வகுப்பு, சான்றிதழ் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் அப்லோடு முக்கியம். இரண்டு பக்கமும் 3 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தால், ஒருவர் வீடியோ வகுப்பில் உட்காரலாம். ஒரு வேளை 40 காட்டி, மறு வேளை 1 காட்டும் நிறுவனத்தைவிட, எப்போதும் 6 அல்லது 7 காட்டும் நிறுவனமே மேல்.

நான்காவதாக ஒரு சோதனையும் உண்டு. மின்வெட்டு நேரத்தில் பாருங்கள். டவருக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி, ஜெனரேட்டர் நன்றாக இருக்கும் டவர் தொடர்ந்து ஓடும். இல்லாத டவர் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். மின்வெட்டு அதிகமுள்ள ஊர்களில் நிறுவனத்தைத் தேர்வு செய்ய இது ஒன்றே போதும்.

கார்டு தேவையா, போனே போதுமா?

நிறுவனத்தை முடிவு செய்த பிறகும் உடனே கார்டு வாங்க ஓடாதீர்கள். உங்கள் போனே ஒரு டேட்டா கார்டுதான். ‘ஹாட்ஸ்பாட்’ போட்டால் லேப்டாப் இணைந்துவிடும். இன்னும் நல்ல வழி, சார்ஜர் ஒயரால் போனையும் லேப்டாப்பையும் இணைத்து, போனில் ‘யூ.எஸ்.பி டெதரிங்’ என்பதை இயக்குவது. இதில் இணைப்பு அறுந்து அறுந்து வருவது குறையும். போனுக்கும் கொஞ்சம் சார்ஜ் ஏறும். மாதத்தில் நான்கைந்து நாள் மட்டும் லேப்டாப் தேவைப்படும் குடும்பத்துக்கு இதுவே போதும். தனிச் செலவு ஏதுமில்லை.

தனிக் கருவி எப்போது தேவை? போன் வைத்திருப்பவர் காலையில் வயலுக்குப் போய்விடுவார், பிள்ளைகளுக்கு வீட்டில் இணையம் வேண்டும் என்றால் தேவை. தினமும் இரண்டு, மூன்று மணி நேரம் பயன்பாடு இருந்தால் தேவை. சிக்னல் வீட்டுக்குள் எடுக்காமல், மாடியிலோ ஜன்னலிலோ மட்டும் எடுத்தாலும் தேவை.

கருவியில் மூன்று வகை உண்டு.

முதலாவது, லேப்டாப்பில் செருகும் ‘டாங்கிள்’. விலை குறைவு. லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, பேட்டரியுடன் கூடிய கையடக்க ‘வைஃபை ஹாட்ஸ்பாட்’. சிக்னல் எடுக்கும் ஜன்னலில் வைத்துவிட்டு, வீட்டுக்குள் எங்கிருந்தும் பயன்படுத்தலாம். மின்சாரம் போனாலும் சில மணி நேரம் தாங்கும்.

மூன்றாவது, சிம் போடும் ‘ரௌட்டர்’. இது மின்சாரத்தில் ஓடும். சில மாடல்களில் வெளி ஆன்டெனா இணைக்க இடம் இருக்கும். சிக்னல் 105, 110 என்று தடுமாறும் தோட்டத்து வீடுகளுக்கு, மாடியில் ஆன்டெனா வைத்து டவர் பக்கம் திருப்பிவிடும் இந்த வகைதான் கை கொடுக்கும். விலை கூடுதல். மின்வெட்டுக்குச் சிறிய யு.பி.எஸ் தேவைப்படும்.

கருவி வாங்கும்போது கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

‘எல்லா சிம்மும் போடலாமா?’ என்பது முதல் கேள்வி. ஒரே நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டு போட்ட கருவிகள் விலை குறைவாகக் கிடைக்கும். அந்த நிறுவனத்தின் டவர் பிரச்னை செய்தால், கருவியும் சேர்ந்து பயனற்றுப் போகும். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த டாடா ஃபோட்டான், ரிலையன்ஸ் நெட்கனெக்ட் போன்ற டேட்டா கார்டுகளில் பெரும்பாலானவை ‘சிடிஎம்ஏ’ என்ற முறையில் இயங்கின. அந்தச் சேவை நின்றதும் கார்டுகள் குப்பைக்குப் போயின. 2018-ம் ஆண்டில் ஏர்செல் சேவை நின்றபோது, தமிழ்நாட்டு வாடிக்கையாளர்கள் எண்ணைக் காப்பாற்ற வேறு நிறுவனங்களுக்கு மாற ஓடியது பலருக்கும் நினைவிருக்கும். எல்லா சிம்மும் ஏற்கும் கருவி இருந்தால், சிம்மை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

‘எந்தெந்த பேண்டுகள் எடுக்கும்?’ என்பது இரண்டாவது கேள்வி. ஒவ்வொரு நிறுவனமும் சில அலைவரிசைகளில் 4ஜி கொடுக்கிறது. அவற்றுக்கு ‘பேண்ட்’ எண் உண்டு. குறைந்த அலைவரிசை அதிக தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். டவருக்குத் தள்ளியிருக்கும் கிராமத்து வீடுகளுக்கு இதுதான் முக்கியம். ஜியோவுக்கு 850 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 5. ஏர்டெல், வி.ஐ நிறுவனங்களுக்கு 900, அதாவது பேண்ட் 8. பி.எஸ்.என்.எல்-லுக்கு 700, அதாவது பேண்ட் 28. இவற்றோடு 1, 3, 40 ஆகிய பேண்டுகளும் கருவியின் பெட்டியிலோ கையேட்டிலோ குறிப்பிடப்பட்டிருந்தால் நல்லது. பழைய கருவிகள் பலவற்றில் பேண்ட் 28 இருக்காது. அதில் பி.எஸ்.என்.எல் சிம்மைப் போட்டுவிட்டு, ‘டவரே இல்லை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

3ஜி மட்டும் எடுக்கும் பழைய டாங்கிளை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்க வேண்டாம். தனியார் நிறுவனங்கள் 3ஜி சேவையைக் கிட்டத்தட்ட முழுமையாக நிறுத்திவிட்டன. ஜியோவில் அது எப்போதுமே இருந்ததில்லை.

எவ்வளவு டேட்டா தேவை?

செலவுக் கணக்கு எழுதாமல் எந்த வெள்ளாமையும் வேண்டாம் என்பார்கள். இதற்கும் அப்படித்தான். உத்தேசமாக, யூடியூபில் நடுத்தரத் தெளிவில் ஒரு மணி நேரம் பார்த்தால் அரை ஜிபி-க்குக் கொஞ்சம் மேலே ஆகும். உயர் தெளிவில் பார்த்தால் ஒன்றரை ஜிபி-க்கு மேல் போய்விடும். வீடியோ வகுப்புக்கு மணிக்குச் சுமார் 1 ஜிபி. விண்ணப்பம் நிரப்புவது, ஜி.எஸ்.டி தாக்கல், மின்னஞ்சல் போன்றவை மிகக் குறைவு. ஒரு நாள் முழுக்கச் செய்தாலும் சில நூறு எம்பி-தான்.

மகளுக்கு தினம் ஒரு மணி நேரம் என மாதம் 25 நாள் வகுப்பு என்றால் 25 ஜிபி. மற்ற வேலைகளுக்கு 5 ஜிபி. ஆக, மாதம் 30 ஜிபி. தினம் ஒன்றரை ஜிபி தரும் திட்டத்தில் 28 நாளுக்கு 42 ஜிபி கிடைக்கும், போதும். ஆனால், அதில் அன்றன்று மிஞ்சுவது நள்ளிரவோடு போய்விடும். மாதத்தில் ஐந்து நாள் மட்டும் கணக்கு வேலை பார்ப்பவருக்கு தினசரித் திட்டம் நஷ்டம். மொத்தமாக இத்தனை ஜிபி என்று தரும் திட்டமே லாபம்.

டேட்டாவைத் தின்னும் ஒரு திருடன் லேப்டாப்புக்குள்ளேயே உண்டு. அது விண்டோஸ் அப்டேட். நமக்குத் தெரியாமலேயே பின்னால் பல நூறு எம்பி, சில நேரம் ஜிபி கணக்கில் இறக்கிவிடும். ‘நேற்றுதான் ரீசார்ஜ் செய்தேன், அதற்குள் தீர்ந்துவிட்டதே’ என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். லேப்டாப்பின் வைஃபை அமைப்புக்குள் சென்று, உங்கள் இணைப்பில் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை இயக்கிவிட்டால் பெருமளவு அடங்கும். அதற்காக அப்டேட்டே செய்யாமல் இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை, மிச்சமான டேட்டா உள்ள நாளில் செய்துவிடுங்கள்.

28 நாள் கணக்கு

28 நாள் திட்டம் என்றால் ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 30 நாள் திட்டம் ஒன்றையாவது எல்லா நிறுவனங்களும் கொடுக்க வேண்டும் என்று டிராய் 2022-ம் ஆண்டில் உத்தரவிட்டது. கேட்டு வாங்குங்கள். எந்தத் திட்டமாக இருந்தாலும் விலையை நாளால் வகுத்து, ஒரு நாளைக்கு எத்தனை ரூபாய் என்று பாருங்கள். அப்போதுதான் எது மலிவு என்று தெரியும். ஆனால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் முதல் மாதமே ஆண்டுத் திட்டம் போட வேண்டாம். சிறிய திட்டத்தில் ஒரு மாதம் ஓட்டிப்பார்த்து, மழை நாளிலும் மின்வெட்டிலும் தாங்கினால் அதன்பிறகு நீண்ட திட்டத்துக்குப் போகலாம். கட்டிய பணம் திரும்ப வராது.

சிம்மில் கவனம்

வங்கிக் கணக்கு, ஆதார், உழவர் பதிவு ஆகியவற்றோடு இணைத்துள்ள எண்ணின் சிம்மை டேட்டா கார்டில் போடாதீர்கள். அழைப்பு வராது. ஓ.டி.பி-யும் கார்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், போனில் தெரியாது. கார்டுக்குப் புதிய சிம் வாங்குங்கள். அதை உங்கள் குடும்பத்தினர் பெயரிலேயே வாங்குங்கள். ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 சிம் வரை வைத்துக்கொள்ளலாம். உங்கள் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்பதை மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

வைஃபை கருவியின் அட்டையில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். உங்கள் இணைப்பில் வேறு யாராவது தவறான வேலை செய்தாலும், விசாரணை சிம் வாங்கியவரைத் தேடித்தான் வரும்.

கேள்வி - பதில்

எங்கள் வீடு தகரக் கூரை. வெளியே நன்றாக எடுக்கிறது, உள்ளே எடுக்கவில்லை. என்ன செய்வது?

தகரம் சிக்னலைத் தடுக்கும். டாங்கிள் என்றால் இரண்டு, மூன்று மீட்டர் யூ.எஸ்.பி நீட்டிப்பு ஒயர் போட்டு ஜன்னலுக்குக் கொண்டு வாருங்கள். வைஃபை கருவி என்றால் டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில், வெயிலும் மழையும் படாமல் வையுங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

‘பூஸ்டர்’ வைத்தால் சிக்னல் கூடும் என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். அனுமதி இல்லாமல் சிக்னல் பூஸ்டர், ரிப்பீட்டர் வைப்பது சட்டப்படி குற்றம். அது சுற்றியுள்ளவர்களின் இணைப்பையும் கெடுக்கும். ரௌட்டருடன் நேரடியாக இணைக்கும் ஆன்டெனா வேறு. அது டவர் சிக்னலை வாங்கி உங்கள் கருவிக்கு மட்டும் கொடுப்பது.

ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் சிம் இருக்கிறது. எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போக முடியுமா?

முடியும். அந்த எண்ணிலிருந்து ஆங்கில எழுத்துகளில் ‘போர்ட்’ என்று தட்டி, ஓர் இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணையும் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். ஒரு குறியீட்டு எண் வரும். அது தமிழ்நாட்டில் 4 நாள்கள் செல்லும். அதற்குள் ஆதாருடன் புதிய நிறுவனத்தின் கடைக்குப் போக வேண்டும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள்கள் முடிந்திருக்க வேண்டும்.

திடீரென வேகம் குறைந்துவிட்டது. யாரிடம் புகார் சொல்வது?

முதலில், அன்றைய டேட்டா அளவு தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். தீர்ந்தால் பல திட்டங்களில் வேகத்தை 64 கேபிபிஎஸ் அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். அதில் எதுவும் நகராது. தீரவில்லை என்றால், அந்த நிறுவனத்தின் எண்ணிலிருந்து 198-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை. புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீர்வு திருப்தி தராவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்ல அந்த எண் வேண்டும்.

5ஜி கருவி வாங்கலாமா?

உங்கள் வீட்டில், போனில் 5ஜி நிலையாக எடுத்தால் மட்டும் யோசியுங்கள். வகுப்புக்கும் விண்ணப்பத்துக்கும் நல்ல 4ஜி தாராளமாகப் போதும்.

வாங்கப் போகும் முன்...

நான்கு நிறுவனங்கள், மூன்று வேளை, ஒரு மின்வெட்டு என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அக்கம்பக்கத்தில் நான்கைந்து வீடுகள் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால், பிள்ளையின் நேர்காணல் பாதியில் அறுந்துபோகாமலும், விண்ணப்பத்தின் கடைசி நாளில் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிரௌசிங் சென்டருக்கு ஓடாமலும் அந்த ஒரு தாள் காப்பாற்றும்.